இரும்பில் மிச்சம் எவ்வளவு?

(கோவையில் பழைய கார் ஆர்வலர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)

வார்ப்பட ஆலைகளில் நெருப்போடு நெருப்பாக நின்ற தோழர்களே, லேத்து முன்னால் நின்று நின்று கால் நரம்பு சுருண்டுபோன என் கூட்டாளிகளே, பழைய காரைப் பெற்ற பிள்ளைபோல் துடைத்து வைத்திருக்கும் அன்பர்களே!

இந்த மேசைமேல் இரண்டு இரும்புக் கட்டிகள் இருக்கின்றன. காலையில் நான்கு பேர் சேர்ந்து தூக்கி வைத்தார்கள். இரண்டும் அம்பாசடர் பெட்ரோல் எஞ்சினின் பிளாக். இடது பக்கம் இருப்பதைப் பாருங்கள். கல்யாண வீட்டுக் கதவுபோல் பெயின்ட் அடித்துப் பளபளக்கிறது. வலது பக்கம் இருப்பதைப் பாருங்கள். செந்துரு ஏறி, மூன்றாவது சிலிண்டருக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. உள்ளே வரும்போதே உங்களில் சிலர் மேடைக்கு வந்து தொட்டுப் பார்த்தீர்கள். எதைத் தொட்டீர்கள்? பளபளப்பதைத்தான் தொட்டீர்கள். நானும் இளம் வயதில் அதைத்தான் தொட்டேன். தொட்டதோடு நிற்காமல் பணமும் கொடுத்தேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஓடி ஓய்ந்த ஒரு பழைய காரின் எஞ்சின் பிளாக்குக்கு என்ன மதிப்பு? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். நாற்பது ஆண்டுகளாகப் சிலிண்டரைக் குடைந்து போர் போடும் பட்டறை நடத்துகிறேன். இந்த நாற்பது ஆண்டுகளில் நல்ல பிளாக்கைக் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். செத்த பிளாக்குக்குத் தங்க விலை கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் நடந்தது ஒரே பிழை. கண்ணால் விலை போட்டார்கள், கையால் பார்க்கவில்லை.

ஏன் பிளாக்கைப் பற்றி மட்டும் இவ்வளவு பேச்சு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கார்புரேட்டர் போனால் வேறு வாங்கலாம். டைனமோ போனால் சுற்றிக்கொள்ளலாம். பிஸ்டன் மாற்றலாம், வால்வு மாற்றலாம், கிராங்கைக் கிரைண்டிங் பிடிக்கலாம், ஹெட்டைக்கூட வேறு தேடிப் போடலாம். பிளாக்கை? எஞ்சினில் மற்றதெல்லாம் வீட்டில் இருக்கும் சாமான், பிளாக்தான் வீடு. அஸ்திவாரமும் அதுதான், சுவரும் அதுதான். அதை மாற்றினால் அது வேறு எஞ்சின்.

அம்பாசடர் என்ன கார்? இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் வழி வந்தது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை செய்தார்கள். அதில் நெடுங்காலம் வந்த பெட்ரோல் எஞ்சின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி வரிசை எஞ்சின். 1489 சி.சி. நான்கு சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் 73.025 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 88.9 மில்லிமீட்டர். கிராங்கைத் தாங்குவதற்கு மூன்றே மூன்று மெயின் பேரிங். இந்த 73.025 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

பெட்ரோல் விலை ஏற ஏற, நம் பக்கத்தில் எத்தனை அம்பாசடர்களின் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு மேட்டடார் டீசல் எஞ்சினை ஏற்றினோம்! அந்த வேலையை நானும் செய்திருக்கிறேன். இறக்கிய பெட்ரோல் எஞ்சின் எங்கே போனது? பாதி உக்கடத்துக் காயலான் கடைகளுக்குப் போனது. மீதி தோட்டத்துச் சாளையில், கார் ஷெட்டின் மூலையில், சாக்குப் போர்த்தி இன்றைக்கும் கிடக்கிறது. இன்று அந்தக் காரைப் பழையபடி ஆக்க வேண்டும் என்று பேரன் ஆசைப்படுகிறான். தாத்தா இறக்கி வைத்த எஞ்சினைத் தேடுகிறான். கிடைத்ததும் என்னிடம் கொண்டுவந்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறான்: "அண்ணா, இது தேறுமுங்களா?"

தேறுமா, தேறாதா? அதற்கு முதலில் எண்ணைப் பார்க்க வேண்டும்.

பிளாக்கில் இரண்டு வகை எண் இருக்கும். ஒன்று மேடாக எழும்பி நிற்கும். அது வார்க்கும்போதே அச்சில் வந்தது. மற்றொன்று பள்ளமாக இருக்கும். அது பிறகு அடித்தது. சில எஞ்சின்களில் பிளாக்கிலேயே அடித்திருப்பார்கள், சிலவற்றில் தகட்டில் அடித்து ஆணி வைத்திருப்பார்கள். எழும்பி நிற்பது எந்தக் குடும்பம் என்று சொல்லும். பள்ளமாக இருப்பது அந்தக் குடும்பத்தில் எந்தப் பிள்ளை என்று சொல்லும். குடும்பப் பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் பெண் கொடுக்கிறவர் உண்டா?

அமெரிக்காவில் இதை ஒரு பெரிய சாத்திரமாகவே வளர்த்து வைத்திருக்கிறார்கள். 1955இல் வந்த செவ்ரோலே எட்டு சிலிண்டர் எஞ்சின் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாக்கின் பின்பக்கம், கியர் பெட்டி சேரும் இடத்தருகே, வார்த்த எண் இருக்கும். வார்த்த தேதியும் இருக்கும். ஜனவரிக்கு ஏ, பிப்ரவரிக்கு பி என்று மாதத்துக்கு ஓர் எழுத்து, அடுத்து நாள், அடுத்து ஆண்டின் கடைசி இலக்கம். சி, 14, 7 என்று இருந்தால் மார்ச் 14. ஆனால் எந்த ஏழு? 1967ஆ, 1977ஆ? அதை வார்த்த எண்ணோடு சேர்த்துப் படித்தால்தான் தெரியும். 3970010 என்று ஒரு பிளாக் எண் அங்கே மிகப் பிரபலம். "கடைசி மூன்று இலக்கம் 010, ஆகவே விலை அதிகம்" என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அந்த எண்ணில் பத்தாண்டு அளவுக்கு வார்த்துத் தள்ளியிருக்கிறார்கள். வார்த்த எண் ஒன்று மட்டும் எந்த இரும்பையும் அரும்பொருள் ஆக்கிவிடாது.

அங்கே விலையைத் தூக்குவது பள்ளமாக அடித்த எண்தான். எஞ்சினின் முன்பக்கம், ஹெட் உட்காரும் தளத்தோடு ஒட்டிய ஒரு சிறு மேடையில் அதை அடித்திருப்பார்கள். காரோடு பிறந்த எஞ்சின்தான் காரில் இருக்கிறது என்று அந்த எண் காட்டினால், அதே செவ்ரோலே கொர்வெட் கார் வேறு விலைக்குப் போகும். பணம் இருக்கும் இடத்தில் பொய்யும் வரும் அல்லவா? பழைய எண்ணைச் சீவிவிட்டுப் புது எண் அடிக்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? தொழிற்சாலையில் அந்தத் தளத்தை அறுத்த கருவி நேர்நேராக மெல்லிய கோடுகளை விட்டுப் போயிருக்கும். பிறகு யாராவது மில்லிங்கில் போட்டுச் சீவினால் அந்தக் கோடுகள் மறைந்து வளைந்த கீறல்கள் தெரியும். வேறொரு சோதனையும் உண்டு. பிளாக் வார்த்த தேதி, கார் பூட்டிய தேதிக்குப் பிந்தியதாக இருந்தால்? தாய்க்கு முன் பிள்ளை பிறக்குமா? அந்த எண் பொய்.

இதெல்லாம் அமெரிக்காக்காரனுக்கு, நமக்கு என்ன என்று எண்ணாதீர்கள். நமக்கு எண் இன்னும் முக்கியம். நம் ஊரில் ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் எண்ணோடு எஞ்சின் எண்ணும் எழுதியிருக்கிறது. எஞ்சினை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அமெரிக்காவில் எண் தப்பினால் விலை குறையும். இங்கே எண் தப்பினால் வண்டியே ரோட்டில் மாட்டிக்கொள்ளும். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 ஆண்டு தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வாகனத்துக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனிப் பதிவெண். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. என்ன நிபந்தனை தெரியுமா? வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். சேசிஸிலும் கூட்டிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படியானால், தாத்தா இறக்கி வைத்த அந்தத் துருப்பிடித்த பிளாக்குக்கு இன்று என்ன மதிப்பு? உங்கள் ஆர்.சி.யில் இருக்கும் எண் அதில் இருந்தால், உங்களைப் பொறுத்தவரை உலகத்திலேயே அதற்கு ஈடான பிளாக் கிடையாது. அதே பிளாக் எனக்கு வெறும் இரும்பு.

எண் சரி. அடுத்து என்ன? அடுத்ததுதான் இந்தப் பேச்சின் உயிர். இரும்பில் மிச்சம் எவ்வளவு?

எஞ்சின் ஓட ஓட சிலிண்டர் சுவர் தேயும். எல்லா இடமும் ஒரே மாதிரி தேயாது. பிஸ்டனின் மேல் வளையம் எட்டும் உச்சியில் அதிகம் தேயும். அங்கேதான் சூடு அதிகம், எண்ணெய் குறைவு. கீழே வர வரத் தேய்மானம் குறையும். ஆனால் உச்சிக்கும் மேலே, வளையம் எட்டாத கால் அங்குலம்கூட இல்லாத ஒரு பட்டை இருக்கிறதே, அது தேயவே தேயாது. அங்கே ஒரு விளிம்பு நிற்கும். கையை உள்ளே விடுங்கள். ஆள்காட்டி விரலின் நகத்தை மேல்நோக்கி மெல்ல இழுத்து வாருங்கள். நகம் தட்டுகிறதா? வழுக்கிக்கொண்டு போகிறதா? தட்டினால், அங்கே மேடு விழுந்திருக்கிறது. போர் போட வேண்டும். வழுக்கினால், தேய்மானம் சொற்பம். ஒரு பைசா செலவில்லாத சோதனை. இதைச் செய்யாமல் பிளாக் வாங்குகிறவர்களை நான் தினம் பார்க்கிறேன்.

அந்தத் தேயாத விளிம்பு இன்னொன்றும் சொல்லும். அதன் விட்டத்தை அளந்தால், இந்த பிளாக்குக்குக் கடைசியாகப் போட்ட போர் எந்த சைஸ் என்று தெரிந்துவிடும். நினைவில் வைக்கச் சொன்னேனே, 73.025? விளிம்பில் அந்த அளவு இருந்தால், தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு இந்தப் பிளாக்கை எந்த லேத்தும் தொடவில்லை. ஸ்டாண்டர்டு போர். அந்த வார்த்தையைக் கேட்டால் எங்கள் பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்ப்பார்கள்.

போர் போடுவது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று படிப்படியாகப் போகும். பத்து சைஸ் போட்டால் விட்டம் கால் மில்லிமீட்டர் கூடும். நாற்பது சைஸ் போட்டால் ஒரு மில்லிமீட்டர் கூடி 74.04 ஆகும். நான்கு சிலிண்டருக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள், 1489 சி.சி. எஞ்சின் 1531 சி.சி. ஆகிவிட்டிருக்கும். "அடேயப்பா, பவர் கூடிவிட்டதே!" என்று சந்தோஷப்பட வேண்டாம். சுவரில் அரை மில்லிமீட்டர் இரும்பு போய்விட்டது. போனது போனதுதான், திரும்ப வராது. ஒவ்வொரு போரும் பிளாக்கின் ஆயுள் கணக்கிலிருந்து எடுத்த பணம். நாற்பது சைஸ் பிளாக் என்றால் கணக்கில் மீதி சொற்பம்.

பிஸ்டன் உள்ளேயே இருக்கிறதா? இன்னும் சுலபம். பிஸ்டன் தலையைத் துணியால் துடைத்துக் கரியைச் சுரண்டிப் பாருங்கள். சைஸ் பிஸ்டன் என்றால் பெரும்பாலும் 020, 040 என்று அடித்திருக்கும்.

வார்ப்பட ஆலைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிளாக் வார்க்கும்போது தண்ணீர் ஓடும் வழிக்காக உள்ளே மணல் கோர் வைப்பார்கள். அந்தக் கோர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் சிலிண்டர் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போகும். அதனால்தான் ஒரே நாற்பது சைஸ் ஒரு பிளாக்கில் இருபது ஆண்டு ஓடுகிறது, இன்னொன்றில் இரண்டாம் மாதமே சுவர் கீறிவிடுகிறது. இன்று ஒலி அலையை வைத்துச் சுவர்த் தடிப்பை அளக்கும் சிறு கருவி வந்துவிட்டது. விலை உயர்ந்த பிளாக் வாங்குகிறவர்கள் அந்தச் சோதனைக்குச் செலவு செய்யத் தயங்கக் கூடாது.

சரி, நகம் வைத்தாயிற்று, அளந்தாயிற்று. இப்போது அந்தக் கதை.

தொழிலுக்கு வந்து மூன்று நான்கு ஆண்டு. பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் பெயின்ட் அடித்த அம்பாசடர் பிளாக் ஒன்று பார்த்தேன். நகம் வைத்தேன், வழுக்கியது. எண் சுத்தமாக இருந்தது. பேரம் கூடப் பேசாமல் வாங்கினேன். ஒரு வாடிக்கையாளர் காரில் ஏற்றினேன். இரண்டாம் நாள் ஆயில் கம்பியை உருவிப் பார்த்தால், ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருக்கிறது. தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. எல்லாம் பிரித்தோம். டாப்பெட் கவருக்கு உள்ளே இருக்கும் சுவரில், ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். அதில் பசை பூசி, தேய்த்து, அதன்மேல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நான் இரவெல்லாம் தூங்கவில்லை. ஏமாந்த பணத்துக்காக அல்ல. கவருக்கு உள்ளே, வெளியே யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், ஒருவர் ஏன் அவ்வளவு அக்கறையாகப் பெயின்ட் அடித்தார் என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லையே! அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். வாடிக்கையாளருக்கு வேறு பிளாக் வாங்கி, என் கூலியில்லாமல் பூட்டிக் கொடுத்தேன். இந்த பிளாக்கை மட்டும் விற்கவில்லை. யாரிடமும் விற்க மனம் வரவில்லை. இதோ, இடது பக்கம் பளபளக்கிறதே, இதுதான் அது.

விரிசலை எப்படிக் கண்டுபிடிப்பது? பானை வாங்கப் போனால் நம் பெண்கள் என்ன செய்வார்கள்? விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்றால் நல்ல பானை, சொத்தென்றால் கீறல். பிளாக்கையும் அப்படித்தான். சங்கிலியில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். தரையில் வைத்துத் தட்டினால் தரை சத்தத்தை விழுங்கிவிடும். ஆனால் காதை மட்டும் நம்பி விடாதீர்கள். சின்ன விரிசல் காதுக்கு எட்டாது.

எங்கள் பழைய முறை ஒன்று சொல்கிறேன். பிளாக்கை நன்றாகக் கழுவிக் காய வையுங்கள். தண்ணீர் ஓடும் வழிகளை அடைத்து, உள்ளே மண்ணெண்ணெயை ஊற்றுங்கள். வெளியே சுண்ணாம்புக் கரைசலை மெல்லியதாகப் பூசி உலரவிடுங்கள். இரவு அப்படியே கிடக்கட்டும். மண்ணெண்ணெய் தண்ணீரைவிடத் துளைத்துப் போகும். காலையில் வந்து பாருங்கள். வெள்ளைச் சுண்ணாம்பின்மேல், பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு கறுத்த ஈரக் கோடு தெரிந்தால், அதுதான் விரிசல். கோடு எங்கே முடிகிறது என்பதைச் சாக்பீசால் குறித்து வையுங்கள். இன்று காந்தப் பொடி தூவிப் பார்க்கிறார்கள், சாயம் பூசிப் பார்க்கிறார்கள், அடைத்துவிட்டுக் காற்றழுத்தம் ஏற்றித் தொட்டியில் முக்கிப் பார்க்கிறார்கள். வசதி இருந்தால் அவற்றைச் செய்யுங்கள். வசதி இல்லை என்பது சோதிக்காமல் வாங்குவதற்குக் காரணம் ஆகாது.

குளிர் நாடுகளில் பிளாக் வெடிப்பதற்குக் காரணம் பனி. உள்ளே தண்ணீர் உறைந்து விரிந்து சுவரைப் பிளக்கும். நம் ஊரில்? பர்லியாறு தாண்டிக் குன்னூர் மலை ஏறும்போது ரேடியேட்டர் கொதிக்கும். வண்டியை ஓரம் கட்டி, சுடச்சுட இருக்கும் எஞ்சினில் ஓடைத் தண்ணீரைக் குளிரக் குளிர ஊற்றுவார்கள். பழுக்கக் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் என்ன சத்தம் வருமோ அந்தச் சத்தம்தான். தோசைக்கல் தாங்கும், நான்கு சிலிண்டரும் தண்ணீர் வழியும் சேர்ந்த வார்ப்பு தாங்காது. மலையில் ஓடிய வண்டியின் பிளாக் என்றால் நான் இரண்டு முறை சோதிப்பேன்.

தண்ணீரைப் பற்றி இன்னொன்று. சிறுவாணித் தண்ணீர் குடித்து ஓடிய எஞ்சினையும், ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீர் குடித்து ஓடிய எஞ்சினையும் பக்கத்தில் வைத்துப் பிரித்தால் வித்தியாசம் கண்கூடு. பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமாகத் தகட்டு மூடிகள் இருக்கின்றனவே, வெல்ஷ் பிளக், அதில் ஒன்றைத் தட்டி எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே உப்பும் துருவும் அடைத்துச் சுண்ணாம்புக் காளவாய்போல் இருந்தால், அந்த பிளாக் காலமெல்லாம் சூட்டில் வெந்தது. சுவரையும் துரு உள்ளிருந்து தின்றிருக்கும். சிலிண்டர் பக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்கு நான் பாதி விலைதான் சொல்வேன்.

இப்போது, எல்லோரும் மறந்துபோகும் ஒன்று. கேப்.

கிராங்கைக் கீழிருந்து பிடித்திருக்கும் மெயின் பேரிங் கேப்களைச் சொல்கிறேன். அம்பாசடருக்கு மூன்று. கேப்பை பிளாக்கில் பூட்டிய பிறகுதான் தொழிற்சாலையில் அந்த வட்டத்தைக் குடைகிறார்கள். பாதி வட்டம் பிளாக்கில், பாதி வட்டம் கேப்பில். இரண்டும் சேர்ந்தால்தான் வட்டம். ஒரு பிளாக்கின் கேப்பை இன்னொரு பிளாக்கில் போட்டால், கண்ணுக்குச் சரியாக உட்காரும். கிராங்கைச் சுற்றினால் இறுகும். கேப் தொலைந்த பிளாக்குக்கு வேறு கேப் போட்டு, மூன்றையும் மறுபடி ஒரே நேரில் குடைய வேண்டும். அந்த வேலையைச் சரியாகச் செய்யும் இயந்திரமும் ஆளும் இன்று குறைவு. கூலியோ அதிகம். ஆனாலும் பிரித்துப் போடுகிறவர்கள் கேப்பைத் தனியே தகர டப்பாவில் போட்டு வைக்கிறார்கள்; டப்பா எடைக்குப் போய்விடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா தம் மகனோடு குட்டியானை வண்டியில் ஒரு பிளாக்கை ஏற்றிக்கொண்டு வந்தார். சின்ன பிளாக். பார்த்ததும் தெரிந்துவிட்டது, ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம் சென்னையில் செய்த கார், தோழர்களே! ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961இல் வெளியிட்டது. 948 சி.சி. எஞ்சின். 63 மில்லிமீட்டர் போர், 76 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். நான் பட்டறை வைப்பதற்கு முன்பே அதை நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மா கேட்டார்: "ஏனுங்க, இது எடைக்குத்தான் போகுமுங்களா? எங்க வீட்டுக்காரரு கையால கட்டி வெச்சதுங்க. அவரு போனதுக்கப்புறம் யாரும் தொடலைங்க."

சாக்கை அவிழ்த்தேன். உள்ளே ஆயில் காகிதம். அதை அவிழ்த்தால், மூன்று கேப்பும் அதனதன் இடத்தில், போல்ட் போட்டு, கட்டுக்கம்பியால் சுற்றியிருக்கிறது. சிலிண்டருக்குள் கிரீஸ் தடவிப் பழைய வேட்டித் துணியைச் சுருட்டி அடைத்திருக்கிறார். துணியை உருவினேன். கண்ணாடிபோல் இருந்தது. விளிம்பை அளந்தேன். சரியாக 63. நகம் வழுக்கியது. மோட்டார் தொழில் தெரியாத ஒரு மனிதர், அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவராம், என்னைவிட நன்றாக அந்த பிளாக்கைக் காப்பாற்றி வைத்திருந்தார். "அம்மா, இது எடைக்குப் போகாது. இதைத் தேடிக்கொண்டு ஆள் வருவார்கள். ஆர்.சி. புத்தகம் இருந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள்" என்றேன். மகன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வரும் வழியில் காயலான் கடையில் நிறுத்தி விலை கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறான்.

அப்படியானால் விலையை எப்படிப் போடுவது? நேர்க் கணக்கு. நல்ல நிலையில் இருக்கும் அதே பிளாக் என்ன விலைக்குக் கிடைக்கும் என்று நான்கு இடத்தில் விசாரியுங்கள். உங்கள் கையில் இருக்கும் பிளாக்கை அந்த நிலைக்குக் கொண்டுவர என்ன செலவாகும் என்று லேத்துக்காரரிடம் கேளுங்கள். போர் போடவா, ஹெட் உட்காரும் தளத்தைச் சீவவா, சிலிண்டருக்குள் உறைபோல் லைனர் இறக்கவா, கேப் குடையவா? அதைக் கழியுங்கள். மிச்சம்தான் விலை. மிச்சம் ஒன்றும் இல்லையென்றால் எடை விலை. அதற்குக் கீழே எந்த பிளாக்கும் போகாது. இந்தக் கணக்குக்கு ஒரே விதிவிலக்கு, வேறு எங்கும் கிடைக்காத பிளாக். ஹெரால்டுக்கு நான்கு இடத்தில் விசாரித்தால் நான்கு இடத்திலும் இல்லை என்பார்கள். அங்கே செலவுக் கணக்கு பேசாது; தேடுகிறவரின் தேவைதான் பேசும்.

நாற்பது சைஸும் தேய்ந்துவிட்டது, இனி அவ்வளவுதான் என்று கைவிட்ட பிளாக்கைக்கூட லைனர் இறக்கி மறுபடி ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவரலாம். எண் உங்கள் ஆர்.சி.யோடு பொருந்தினால், அந்தச் செலவைச் செய்யத் தயங்காதீர்கள் என்பதுதான் என் தீர்ப்பு. லைனர் போட்டதால் பிளாக் மட்டம் ஆகிவிட்டது என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். உயிர் காக்கும் சிகிச்சை அது.

பழைய இரும்பு என்றால் ஏளனம் வேண்டாம். வார்த்த இரும்புக்குள், ஆறும்போது ஏற்பட்ட இழுவிசை அடங்கிக் கிடக்கும். அது தணிய நாள் ஆகும். அதற்காகவே அந்தக் காலத்தில் வார்ப்புகளை மாதக்கணக்கில் வெளியே வெயிலிலும் மழையிலும் போட்டு வைத்தார்கள். இங்கே இருக்கும் மூத்த வார்ப்படத் தொழிலாளர்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். 1980களில் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் பார்முலா ஒன் பந்தயத்துக்கு 1500 சி.சி. டர்போ எஞ்சின் செய்தது. எந்த பிளாக்கை வைத்து? சாதாரணக் காரில் 1960களிலிருந்து ஓடிய வார்ப்பிரும்பு பிளாக்கை வைத்து. அதிலும் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடித் தேறிய பிளாக்குகளைத் தேடி எடுத்தார்கள். அந்த எஞ்சின் பூட்டிய பிரபாம் காரில்தான் 1983இல் நெல்சன் பிக்கே உலகச் சாம்பியன் ஆனார். ஓடி முதிர்ந்த இரும்பு உலகத்தின் உச்சிக்குப் போயிருக்கிறது. உங்கள் கார் ஷெட்டில் கிடப்பதை மட்டும் ஏன் குப்பை என்கிறீர்கள்?

இனி, வலது பக்கம் இருப்பதைப் பற்றிச் சொல்லவில்லையே என்று நினைப்பீர்கள். இது கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தோட்டத்தில் கிடந்தது. மண்ணெண்ணெய்ச் சோதனை போட்டேன், கோடு விழவில்லை. மூன்று கேப்பும் கூடவே இருந்தன, கேப்பிலும் பிளாக்கிலும் அடித்த பஞ்ச் புள்ளிகள் ஒத்துப்போகின்றன. துரு இருக்கிறது, மேல் துரு. மூன்று சிலிண்டரில் விளிம்பை அளந்தேன். 73.025. மீதி ஒன்றை, குளவிக்கூடு இருக்கும் மூன்றாவது சிலிண்டரை, வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறேன்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய பிளாக் கிடந்தால், காயலான் கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன், கேப்களைத் தேடி எடுத்து, அதனதன் இடத்தில் வைத்து, போல்ட்டை முறுக்குங்கள். சிலிண்டருக்குள் எண்ணெய் தடவுங்கள். எண்ணைத் துடைத்துப் படித்து ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு விலை பேசுங்கள்.

கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வாருங்கள். குளவிக்கூட்டை நான் சுரண்டி எடுத்துவிடுகிறேன். போர் கேஜும் இங்கேயே இருக்கிறது. நகத்தை நீங்கள் வைத்துப் பாருங்கள். அளவையும் நீங்களே படித்துச் சொல்லுங்கள்.